ஸ்டாக்ஹவுசன்: காதை விட்டுப் போகாத அந்த ஓர் இடம்

(ஒரு இணைய மன்றத் திரி. கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் படைப்புகளில் உங்கள் காதை விட்டுப் போகாத இடம் எது? ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கறுப்புக்கட்டை

க்ளாவியர்ஷ்டுக் 9, தனிப் பியானோவுக்கு. தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விளக்கப் போவதில்லை. நாலு சுரம் சேர்ந்தொலிக்கும் கார்ட் ஒன்றே 139 தடவை, முழு பலத்தில் ஆரம்பித்துக் கேட்கிறதா இல்லையா என்ற மெலிவு வரை. நிமிடத்துக்கு 160 தட்டல் என்றால் மொத்தம் 52 நொடி. உறுத்துவது அதன் கடைசிப் பத்துப் பன்னிரண்டு தட்டல்கள். கார்ட் அங்கே உடைகிறது. நாலில் ஒரு சுரம் ஒலிக்காமல் போகும். அடுத்த தட்டலில் அது வந்துவிடும், இன்னொன்று காணாமல் போகும். விசை போதாமல் சுத்தி கம்பியைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. எது எப்போது போகும் என்று வாசிப்பவருக்கே தெரியாது. அதுவரை ஒரே கட்டியாகக் கேட்டது அந்த இடத்தில் நாலு பேராகப் பிரிந்து நிற்கும்.

பியானோ சரியில்லையென்றால் இந்தக் கூத்து 60-வது தட்டலிலேயே தொடங்கிவிடும். மறுதட்டலுக்கான ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், அல்லது சுத்தி விடுபடும் இடம் கம்பியிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும். 1 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் மெலிவான தட்டல் கம்பி வரை போய்ச் சேரும். கட்டையை மேல்வரை எழவிடாமல் பாதியிலேயே மறுபடி அழுத்த வேண்டும், கிராண்ட் பியானோவின் இரட்டை விடுப்பு இருப்பதே அதற்குத்தான். ஒலியைத் தணிக்கும் இடது பெடலை நடுவிலேயே மிதித்துவிட்டால் கடைசியில் குறைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நான்குமூலை

கோன்டாக்டே, மின்னணு ஒலிகளோடு பியானோவும் தாளக் கருவிகளும் சேர்கிற படைப்பு, அதன் 17-வது நிமிடம். அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது இந்தத் திரியில் பேச? மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒலி வளைந்து வளைந்து கீழே இறங்குது. இறங்க இறங்கக் கரகரப்பாகுது. திடீர்னு அது சுரமே இல்லை, டக், டக், டக். அந்த மாறுகிற புள்ளியைக் கையால் தொட்டுக் காட்ட முடியாது. அப்புறம் ஒவ்வொரு டக்கும் நீண்டு நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி மறுபடியும் சுரமாகிவிடும்.

விஷயம் எளிமையானது: மூலமே துடிப்புகள்தான். நொடிக்கு 16-லிருந்து 20 வரை போனால் காது எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுரமாகக் கேட்க ஆரம்பிக்கும். தாளமும் சுருதியும் ஒரே அளவுகோலின் இரண்டு முனை என்று ஸ்டாக்ஹவுசன் கட்டுரையில் வாதாடியதை இங்கே காதால் நிரூபித்துவிடுகிறார். நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர் வைத்துக் கேளுங்கள், ஹெட்போனில் வேண்டாம்.

நாடாவெட்டி

மூலை இல்லை நண்பரே, பெயரை மாத்திக்கணும் நீங்க. கோன்டாக்டேவுக்கு ஸ்பீக்கர் நிற்பது இடது, முன், வலது, பின் என்று நாலு பக்கத்தின் நடுவில். மூலையில் வைத்தால் சுழல்கிற ஒலியெல்லாம் 45 பாகை திரும்பிவிடும். முன்னால் மேடையில் பியானோவும் தாளக் கருவிகளும் இருக்க, முன் ஸ்பீக்கர் அவற்றோடு சேர்ந்து பேச வேண்டிய இடங்கள் எல்லாம் விலகிப் போகும். சுழற்சியை எடுத்ததே மேசை மேல் ஒரு ஸ்பீக்கரைக் கையால் சுற்றி, சுற்றிலும் நாலு மைக் வைத்துத்தான். வேகமாகச் சுற்றும்போது சுருதியும் கொஞ்சம் ஆடும், கவனித்துக் கேட்டால் பிடிபடும். கணினியில் ஒலியளவை மட்டும் சுற்றவிட்டு அதே மாதிரி வரும் என்று நினைப்பவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.

என்னுடையது ஷ்டூடியே 2, 1954, முழுக்க மின்னணு ஒலி. மூன்று நிமிடம்தான். முதல் கூட்டொலி விழுந்ததும் அது எதன் ஒலி என்று காது தேடிக்கொண்டே இருக்கும். மணியா, ஆர்மோனியமா, கண்ணாடியா? பிடி கொடுக்காது. காரணம் அளவுகோல். 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 81 படிகள், ஒவ்வொரு படியும் 5-இன் 25-வது மூலம், அதாவது 1.0665 மடங்கு. 25 படி ஏறினால் 500 ஹெர்ட்ஸ். 10 படியில் 1.90 மடங்கு, 11-இல் 2.03. இரண்டு மடங்கு, நம்ம மேல் ஷட்ஜம், எங்கேயும் வராது. காது எதைப் பிடித்துக்கொண்டு வழக்கமாக நிற்குமோ அதையே எடுத்துவிட்டார்.

திரும்பச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு (யாரும் கேட்கவில்லை, தெரியும்): ஒவ்வொரு கூட்டொலியிலும் ஐந்து சைன் அலைகள் (மேல்சுரம் எதுவும் கலக்காத ஒற்றை ஒலிகள்), சம இடைவெளியில். மிக நெருக்கமானது 100, 106.6, 113.7, 121.3, 129.4. மிக அகலமானதில் ஐந்தைந்து படி: 100, 138, 190, 263, 362. இப்படி 193 கூட்டொலிகள். ஐந்தையும் ஒரே நேரத்தில் கூட்டிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நெருக்கமான கூட்டொலியில் அலைகள் அடித்துக்கொண்டு 'உவ்-உவ்' என்று ஆடும், ஆர்கன் பழுதான மாதிரி. கொலோன் வானொலி ஸ்டுடியோவில் அவர் ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்ன ஒலிநாடாத் துண்டுகளாக ஒட்டி, எதிரொலி அறைக்குள் ஓடவிட்டார். நேர் ஒலியை வெட்டி எறிந்துவிட்டு அறையின் எதிரொலியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்தும் கலப்பது அறையில்தான், அதனால்தான் அந்த மங்கிய, விளிம்பில்லாத நிறம். பெருகி வரும் ஒலி வேண்டுமா, அதே நாடா பின்னோக்கி.

நீளத்தை நொடியில் எழுதாதீர்கள், செ.மீ.யில் எழுதுங்கள். நாடா ஓடியது நொடிக்கு 76.2 செ.மீ. மிகக் குட்டியானது 2.5 செ.மீ., நொடியில் முப்பதில் ஒரு பங்கு. வெட்டு சாய்வாக இல்லாவிட்டால் 'டிக்' கேட்கும். கணினியிலும் அதே கதைதான், தொடக்கத்தையும் முடிவையும் சில மில்லிநொடி சரிக்காவிட்டால் 'டிக்' வந்து நிற்கும்.

அடிக்குறிப்பு

கறுப்புக்கட்டை சொன்ன 139-க்கு வருகிறேன். சீரான அடி என்பது ஸ்டாக்ஹவுசனுக்குச் சும்மா ஒரு தாளம் இல்லை. 1928-இல் கெர்பன் பக்கத்து மொட்ராத்தில் பிறந்தவர். அம்மா மனநலக் காப்பகத்தில் இருந்தவர், 1941-இல் ஹடமாரில் நாஜிகள் கொன்ற நோயாளிகளில் ஒருவர். ரத்தப் புற்றுநோய் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா பள்ளி ஆசிரியர், போருக்குப் போய் 1945-இல் ஹங்கேரியில் காணாமல் போனார். பையன் 16 வயதில் பெட்பர்க் ராணுவ மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவன். ரேடியோவைத் திறந்தால் அணிவகுப்பு இசை. பின்னாளில் சீரான அடியே ஆகாது என்றிருந்தவர், ஒரு கார்டை 139 தடவை ஒரே சீராக அடிக்கச் சொல்கிறார். அதைக் கேட்டால் பூட்ஸ் காலடிதான் கேட்கிறது.

கறுப்புக்கட்டை

வாழ்க்கையைக் கொண்டு இசையைத் திறக்காதீர்கள் சார், ஒட்டாது. 139 முடிந்ததும் அதே கார்ட் 87 தடவை வருகிறது, சுமார் 33 நொடி. அதன் பிறகு சீரான அடி சிதைகிறது. அளவுகள் 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபோனாச்சி வரிசையை (முந்தைய இரண்டின் கூட்டலே அடுத்தது) பிடித்துக்கொள்கின்றன. முடிவில் மேல்ஸ்தாயியில் சீரற்ற சிதறல்கள். சீரானதிலிருந்து சீரற்றதற்கு ஒரு நேர்ப்பாதை, அவ்வளவுதான் படைப்பு. 1962-இல் கொலோனில் முதலில் வாசித்த அலோய்ஸ் கொன்டார்ஸ்கியின் பதிவைக் கேளுங்கள். எண்ணுகிற நிதானம்தான் இருக்கிறது, பூட்ஸ் இல்லை.

அம்மா கதை வேண்டுமென்றால் அதை அவரே வெளிப்படையாக மேடையில் வைத்திருக்கிறாரே. 'டோனர்ஸ்டாக் அவுஸ் லிஷ்ட்' ஓபரா, 1981, மிலான் லா ஸ்காலா அரங்கு. மகன் மிஷாயலுக்கு டிரம்பெட், அம்மாவுக்கு பாஸெட் ஹார்ன் (கிளாரினெட் வகை), அப்பாவுக்கு டிராம்போன். காப்பகத்தில் அம்மாவுக்கு ஊசி போட்டுக் கொல்கிறார்கள். பியானோவில் தேட வேண்டியதில்லை.

அடிக்குறிப்பு

தேடவில்லை. கேட்கிறது என்றேன்.

தகரமேளம்

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்க. மிக்ரோஃபோனீ 1, 1964. ஒரு தாம்தாம், அதாவது தொங்கவிட்ட பெரிய உலோகத் தட்டு, 155 செ.மீ. விட்டம். ஆறு பேர். பக்கத்துக்கு மூன்று பேர்: ஒருவர் ஒலி எழுப்ப, ஒருவர் மைக் பிடிக்க, ஒருவர் தள்ளி உட்கார்ந்து ஃபில்டரும் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் விடும் கருவி) ஒலியளவும் பார்க்க. மறக்க முடியாதது, அட்டைத் துண்டை வைத்து உரசும்போது மைக் உலோகத்தை நோக்கிப் போகிற அந்த அரை நொடி. வெறும் கிர்ர் என்றிருந்தது, மைக் நெருங்கியதும் யாரோ உள்ளே முனகுவது மாதிரி ஆகிவிடும். ஒலி மாறவில்லை, கேட்கிற இடம்தான் மாறியது.

முதல் சோதனை ஸ்டாக்ஹவுசன் வீட்டுத் தோட்டத்தில். 'மொமென்டே' என்ற தன் படைப்புக்காக வாங்கிய தாம்தாமைத் தொங்கவிட்டு, சமையலறைச் சாமான்களால் சுரண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் உதவியாளர் யாப் ஷ்பேக் ஃபில்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஃபில்டர் மைஹாக் டபிள்யூ 49, ரேடியோ நாடகத்துக்கென்று செய்தது. கைப்பிடி படிப்படியாக நகரும், அந்தப் படி கேட்பதும் படைப்பில் சேர்த்தி. வழவழப்பாகத் திரும்பும் ஃபில்டரை வைத்தால் வேறு இசையாகிவிடும்.

என்ன கெட்டுப்போகும்? முதலில் தாம்தாம் ஊசலாடும். மைக் 2 செ.மீ.யில் இருக்கும்போது உலோகம் 3 செ.மீ. ஆடினால் என்ன ஆகும் சொல்ல வேண்டாம். சட்டம் கனமாக, கயிறு குட்டையாக இருக்கணும். அடுத்து, பலமான அடி ஒன்று விழுந்தால் நெடுநேரம் அடங்காது, அடுத்துவரும் மென்மையான சுரண்டலை மூழ்கடித்துவிடும். படைப்பின் 33 பகுதிகளான 'கணங்களின்' வரிசையைக் குழுவே இணைப்பு அட்டவணைப்படி முடிவு செய்வதால், இதையும் கணக்கில் எடுத்து வரிசை போடணும். அடுத்த கணம் முந்தையதற்கு ஒத்தது, வேறானது, எதிரானது. தாங்குவது, நடுநிலை, அழிப்பது. இப்படி அட்டவணை சொல்லும். பல குழு அட்டவணையைக் காகிதத்தில் நிறைவேற்றிவிட்டு, தாம்தாம் அடங்க எவ்வளவு நேரம் என்பதை மறந்துவிடும். மூன்றாவது, மைக் பிடிப்பவரின் சட்டைக்கை. பருத்தி, முழங்கை வரை மடித்து.

நான்குமூலை

ஹெலிகாப்டர் குவார்டெட் பற்றி ஒருத்தரும் பேசலையே?

தகரமேளம்

1995, ஆம்ஸ்டர்டாம், தந்தி வாத்திய நால்வரான அர்டிட்டி குழு, ஆளுக்கொன்றாக நாலு ஹெலிகாப்டரில். ஆளுக்கு மூன்று மைக்: வாத்தியத்தில், வாயருகில், வெளியே இறக்கைச் சத்தத்துக்கு. வெளி மைக் மற்ற இரண்டையும் விழுங்காமல் கீழே கலப்பவர் பார்த்துக்கொள்ளணும், வித்தை முழுக்க அங்கேதான். மேலே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். அவ்வளவு போதும்.

சுருதிப்பெட்டி

ஷ்டிம்முங், 1968. ஆறு பாடகர், ஆறு மைக், ஒரே கூட்டொலி, ஏறத்தாழ 75 நிமிடம், 51 பகுதிகள். அடிப்படை 57 ஹெர்ட்ஸ், அதை யாரும் பாடுவதில்லை. பாடுவது அதன் 2, 3, 4, 5, 7, 9-வது மடங்குகள்: 114, 171, 228, 285, 399, 513. நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. 3 பஞ்சமம், 5 தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம், 9 சதுஸ்ருதி ரிஷபம். சிக்கல் 7-இல். அதைக் கைசிகி நிஷாதம் என்று எடுத்துக்கொண்டு பாடினால் கூட்டொலி கலங்கிவிடும். அரைச்சுரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாழ்ந்து நிற்கணும் அது. சரியாக உட்கார்ந்த கணத்தில், பாடாத 57 தரையிலிருந்து எழும்புவது போலக் கேட்கும். அந்தக் கணம் போதும், மீதி எழுபது நிமிடத்துக்கும் காத்திருக்கலாம்.

கமகம் வேண்டாம், அசைவு வேண்டாம். மைக் வாயை ஒட்டி, குரல் தாழ்வாக. உயிரெழுத்தை வாயின் வடிவால் மாற்றித்தான் மேல் மடங்குகளைப் பொறுக்கி எடுக்கணும், தொண்டையைத் தள்ளினால் வராது.

நான்குமூலை

ஒத்திகைக்குக் கீபோர்டில் சுருதி கொடுத்தால் போதாதா?

சுருதிப்பெட்டி

போதாது. 57-க்கு மிக அருகில் இருக்கும் கீபோர்ட் கட்டை 'பி ஃப்ளாட்' 58.27, முதலிலேயே 38 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே. மொத்தமாக இறக்கி 57-க்குக் கொண்டுவந்தாலும் 7-க்கு 406 காட்டும். பாட வேண்டியது 399. ஆறு சைன் அலைகளை ஒரு பதிவாகப் போட்டுப் பாடுபவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சன்னமாக ஓடவிடுங்கள், படைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது.