பேட்டரி ஆசிட் கசிந்து ட்ரே அரித்துவிட்டது: புது பேட்டரி போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி (காட்பாடி)

வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலே இல்லாத இடத்தில்தான் பகலெல்லாம் நிற்கிறது. நேற்று பானெட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி மூடிகளைச் சுற்றி ஈரம், பாசிட்டிவ் டெர்மினலில் நீலமும் வெள்ளையுமாகப் பொடி. அடியில் இருக்கும் இரும்பு ட்ரேயில் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொங்கியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனை பட்டாலே உதிர்கிறது. அதற்கும் கீழே பாடியோடு சேர்ந்த சட்டத்தில் பழுப்பாக ஒழுகிய கோடு தெரிகிறது.

பேட்டரி ஒன்றரை வருடப் பழசுதான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், "புதுசு போட்டுடுங்க சார், வேற ஒண்ணும் வேணாம்" என்கிறார்கள். அது போதுமா? அரித்த இடத்தை நானே சரிசெய்யலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது.

பதில் (குடியாத்தம்)

கொதிக்கும் தண்ணீரை டெர்மினல் மேல் ஊற்றுங்கள், பொடி கரைந்துவிடும். அப்புறம் கொஞ்சம் வாசலின். எங்கள் டிராக்டருக்கு எப்போதும் இதுதான் வைத்தியம்.

பதில் (சத்துவாச்சாரி, ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

குடியாத்தம் அண்ணா சொல்வது பொடி மட்டும் பூத்திருந்தால் சரி. இங்கே ஆசிட்டே வெளியே வந்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றினால் அது ட்ரேயிலிருந்து இறங்கிச் சட்டத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆசிட்டை முறிக்க வேண்டும். அதற்குச் சமையல் சோடா போதும்.

முதலில் பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பருத்தித் துணியில் ஒரு துளி பட்டாலும் அடுத்த சலவையில் ஓட்டையாகிவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் சோடா போடவே கூடாது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் இடித்தால் ஷார்ட் ஆகும். நெகட்டிவை முன்பே எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது இதற்கு நேர்மாறு. பேட்டரியைச் சாய்க்காமல் தூக்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி சோடா கலந்து ட்ரே, கிளாம்ப், கீழ்ச் சட்டம் எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கினால் மறுபடி ஊற்றுங்கள். நுரையே வராத வரைக்கும் செய்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி செல்லுக்குள் மட்டும் போய்விடக் கூடாது, போனால் உள்ளே இருக்கும் ஆசிட்டும் செத்துவிடும்.

ஆனால் ஒன்றரை வருடப் பேட்டரி ஏன் பொங்கியது? அதைப் பார்க்காமல் புதுசு போட்டால் அடுத்த கோடையில் இதே கதைதான். என்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று சொல்லுங்கள். பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் என்றால் எம்-சீல் போட்டுச் சமாளிக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. விரிசல் இல்லை. ஐடிலிங்கில் 15.1, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 15.6 வரை போகிறது. செல்லில் தண்ணீர் கீழ்க் கோட்டுக்கும் கீழே. வீட்டில் ஆர்.ஓ. கேன் தண்ணீர் இருக்கிறது, ஊற்றலாமா?

பதில் (சத்துவாச்சாரி)

அதான் காரணம். உங்கள் காருக்கு 13.8 முதல் 14.5-க்குள் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும், வோல்டேஜ் ஏறாமல் கட்டுப்படுத்தும் வோல்டேஜ் ரெகுலேட்டர் போயிருக்கிறது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் உள்ளே தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து கொதிப்பது போலக் குமிழியிடும். அந்தக் குமிழிதான் ஆசிட்டை மூடி வழியாக வெளியே தள்ளுகிறது. நம்ம ஊர் வெயில் சேர்ந்தால் இன்னும் வேகம். பெரும்பாலும் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினாலே போதும், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்தப் பேட்டரியில் ஆசிட்டே வெளியே போய்விட்டதால், தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருப்பது நீர்த்துத்தான் போகும். முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.250-க்குக் கீழே காட்டினாலோ செல்லுக்குச் செல் வித்தியாசம் இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை)

பழைய பேட்டரியைத் தெருவில் வரும் காயலான் வண்டியில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். குரோமியக் கழிவால் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கெட்டதை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்

கட்டாயம் அப்படியே செய்கிறேன். ரெகுலேட்டர் மாற்றியாயிற்று, இப்போது 14.2 காட்டுகிறது. ட்ரேயை வெள்ளை இரும்பு வரை தேய்த்துவிட்டேன், ஓட்டை விழவில்லை. நேராகப் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில் (சத்துவாச்சாரி)

அடிக்கும் முன் ஒரு தடவை சோடாத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எங்காவது நுரைத்தால் அந்த இடத்தில் ஆசிட் இன்னும் இருக்கிறது. மறுபடி முறித்து, அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் எபாக்சி பெயிண்ட். அப்படியே பேட்டரிக்குக் கீழே போகும் எர்த் ஒயரை வளைத்துப் பாருங்கள். உள்ளே செம்பு பச்சையாகியிருந்தால் அதையும் மாற்றிவிட்டுப் புது பேட்டரியை உட்காரவையுங்கள்.