மறுமொழி: கூட்டுக் கோப்புறைகளுக்கு ‘வழங்கிபெயர்ப்பு’ என்னும் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய மின்னஞ்சல் கோப்புறைகளை ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) இன்னொரு வழங்கிக்குக் கொண்டுபோகும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். இடப்பெயர்வு, புலம்பெயர்வு, குடிபெயர்வு, இடமாற்றம் ஆகிய நான்கும் இதுவரை வந்திருக்கின்றன.

முதல் மூன்றிலும் எனக்குள்ள தடை ஒன்றேதான். பெயர்தல் தன்வினை. பறவை பெயரும், மக்கள் பெயர்வார்கள். கோப்புறை தானாக எங்கும் போகாது, அதை ஒருவர் பெயர்க்க வேண்டும். வளர்தலுக்கு வளர்ச்சி, வளர்த்தலுக்கு வளர்ப்பு என்பதுபோல, பெயர்தலுக்குப் பெயர்வு, பெயர்த்தலுக்குப் பெயர்ப்பு. மைக்ரேஷன் என்னும் இந்த வேலையின் திட்டத்தில் செய்பவர் யார், பொறுப்பு யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தன்வினைச் சொல் மறைத்துவிடுகிறது.

‘கோப்புறைப் பெயர்ப்பு’ என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். சக ஊழியர் ஒருவர் அதைக் கோப்புறையின் பெயரை மாற்றுவது என்று படித்தார். அவர் மீது தவறில்லை, திரையில் ‘பெயர்’ என்றாலே அப்படித்தான் கண்ணில் படும். பிறகு மொழிபெயர்ப்பு என்ற சொல்லின் கட்டமைப்பைக் கவனித்தேன். அங்கே பெயர்க்கப்படும் நூல் சொல்லுக்குள் இல்லை, எதன் எல்லையைத் தாண்டுகிறோமோ அதுதான் முன்னால் நிற்கிறது. அதே அச்சில் ‘வழங்கிபெயர்ப்பு’ என்றால் குழப்பம் தீர்கிறது. வினையும் எளிது: வழங்கிபெயர்த்தோம், வழங்கிபெயர்க்க வேண்டும்.

‘இடமாற்றம் எல்லோருக்கும் புரியுமே’ என்ற கருத்துக்கு மதிப்பளிக்கிறேன். ஆனால் இடம் மாறினாலும் பொருள் அப்படியே இருக்கும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் கொடுக்கிறது. இந்த வேலையில் ஆபத்தே அங்கேதான். அணுகல் உரிமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மடல் செயலியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் ஐமேப் நெறிமுறைக்கான உரிமைப் பட்டியலை முதலில் வகுத்தது 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2086 என்ற இணையத் தர ஆவணம். அதில் ‘டி’ (d) என்ற ஓர் எழுத்து, மடலுக்கு நீக்கக் குறி இடுவதையும் குறியிட்ட மடல்களை அடியோடு துடைப்பதையும் சேர்த்தே குறித்தது. 2005-இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி. 4314 இவற்றை இரண்டு தனி உரிமைகளாகப் பிரித்தது. கோப்புறையையே நீக்கும் உரிமைக்கும் தனி எழுத்து கொடுத்தது. பழைய வழங்கியில் ‘டி’ வைத்திருந்தவருக்குப் புதியதில் எதையெல்லாம் கொடுப்பது? ஒரு மொழியின் ஒரு சொல்லுக்கு இன்னொரு மொழியில் மூன்று சொற்கள் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் அதே முடிவுதான் இது. பெயர்ப்பு என்ற சொல் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

படித்த குறியும் அப்படித்தான். சில வழங்கிகளில் கூட்டுக் கோப்புறையின் மடலை ஒருவர் திறந்தால் எல்லோருக்கும் படித்ததாகக் காட்டும், சிலவற்றில் ஆளுக்கு ஆள் தனிக்குறி. நான் பங்கேற்ற ஒரு பணியில் மடல்கள் ஒன்றுகூட விடுபடாமல் போய்ச் சேர்ந்தன, குறிகள் சேரவில்லை. மறுநாள் காலையில் கோப்புறை முழுவதும் படிக்காததாக நின்றது. ஏற்கெனவே பதில் போன கேள்விகளுக்கு மீண்டும் பதில் எழுதத் தொடங்கினார்கள். எங்கள் திட்ட ஆவணத்தில் ‘மடல்களை நகர்த்துதல்’ என்று மட்டும் எழுதியிருந்தோம், யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சொல் சரியாக இருந்திருந்தால் கேள்வியும் எழுந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். மடல் வந்துசேர்ந்த தேதியையும் இதோடு சொல்ல வேண்டும். அதைத் தனியாகக் கொடுத்துப் பதியாவிட்டால், பழைய மடல்கள்கூடப் பெயர்ப்பு நடந்த நாளில் வந்தவைபோல வரிசையில் நிற்கும்.

பருமன் பற்றிக் கேட்டவருக்கு: ஜிகாபைட்டை மட்டும் பார்த்து நேரம் குறிக்காதீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழுமையாகக் கிடைத்தால் 500 ஜிகாபைட் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் போய்விடும். அதே கோப்புறையில் 20 லட்சம் மடல்கள் இருந்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி காத்திருக்க நேர்ந்தால், காத்திருப்பே 28 மணி நேரத்தைத் தொடும். மடல்களின் எண்ணிக்கையைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று, வழங்கி ஒவ்வொரு மடலுக்கும் கொடுக்கும் யூ.ஐ.டி. எண்கள் புதிய வழங்கியில் மாறினால் பயனர்களின் மடல் செயலிகள் தாம் சேமித்து வைத்ததைக் கைவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். முழுப்படியும் தம் கணினியில் வைத்திருக்கும் 50 பேர், 40 ஜிகாபைட் கோப்புறை என்றால் 2,000 ஜிகாபைட், அதுவும் ஒரே காலையில். யூ.ஐ.டி. என்பதைத் தமிழாக்க வேண்டாம், பிழைச்செய்தியில் அப்படித்தான் வரும்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ஐமேப் வழங்கிகள் அப்பெயர்களை யூ.டி.எஃப்.-7 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் திருத்திய வடிவில் வைத்திருக்கும். நடுவில் உள்ள நிரல் அதை விரிக்கத் தவறினால் ‘&’ குறியில் தொடங்கும் எழுத்துக் குவியல்தான் மறுமுனையில் மிஞ்சும். ஒரு சோதனைக் கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் வைத்து அனுப்பிப் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

பழைய வழங்கியை விட்டுப் புதியதற்கு மாறும் கட்ஓவருக்கு ‘மாறுநேரம்’ என்று ஒருவர் சொன்னார். எனக்கு ‘மடைமாற்று’ பிடித்திருக்கிறது. மடல் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவைத் திருத்தும்போது நடப்பது அதுவேதான்: ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறோம், பழைய வாய்க்காலில் இறங்கிவிட்ட நீர் இன்னும் சிறிது நேரம் ஓடும். பதிவைப் பிறர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். மதிப்பை முன்கூட்டியே குறைத்து வைப்பதும், மடைமாற்றிய பிறகும் பழைய வழங்கியை உடனே அணைக்காமல் இருப்பதும் ஏன் என்று இந்தச் சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். பேச்சைத் திசைதிருப்புவதற்கும் மடைமாற்றம் என்கிறார்கள் என்பது தெரியும். ‘மாற்றம்’ தவிர்த்து ‘மாற்று’ என நிறுத்தினால் அந்த வாடை குறையும்.

‘பகிர்ந்த கோப்புறை’ பரவலாகிவிட்டது, ஆனாலும் பகிர்தல் என்றால் பங்கு பிரித்தல். ‘பொதுக் கோப்புறை’ என்றால் யாரும் திறக்கலாம்போல் ஒலிக்கிறது. கூட்டுக் கணக்கு என்பதைப்போலக் ‘கூட்டுக் கோப்புறை’ என்றால், உரிமையுள்ள சிலருக்கு உரியது என்பது விளங்குகிறது.

ஒரே ஒரு சொல் எனக்கு இன்னும் அமையவில்லை. கடைசிப் படியெடுப்புக்கு முன் கூட்டுக் கோப்புறையில் யாரும் எதையும் எழுதவோ நீக்கவோ முடியாதபடி நிறுத்திவைக்கிறோமே, அதற்கு. ‘பூட்டு’ என்றால் படிக்கவும் முடியாது என்று அஞ்சுகிறார்கள், ‘உறைவு’ என்றால் கோளாறு என்று நினைக்கிறார்கள். படிக்கலாம், தொடக்கூடாது என்ற பொருள் வரும்படி யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.