‘லைட்டா’ தமிழா, இங்கிலீஷா?

கரிசல்மண்:
லைட்டா தலைவலி, லைட்டா மழை, லைட்டா பசி, லைட்டா டவுட்டு. நேற்று ஒரே நாளில் எங்கள் வீட்டில் என் காதில் விழுந்தவை. தூறல் என்று ஒரு சொல் இருந்தது, வெதுவெதுப்பு இருந்தது, இளம்பச்சை இருந்தது. அத்தனையையும் இது ஒன்றே விழுங்கிவிட்டது. ‘லேசா’ என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

பெஞ்சுடீ:
அண்ணே, அது இங்கிலீஷே இல்லை. லண்டனில் இருந்தபோது டாக்டரிடம் வயிற்றைக் காட்டி ‘லைட் பெயின்’ என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ‘ஸ்லைட்’ என்று சொல்லியிருக்கணுமாம், ரூம்மேட் சொல்லித்தான் தெரிந்தது. லைட் அவர்களுடையது, ‘ஆ’ நம்முடையது. அழகா, மெதுவா, லைட்டா.
இன்னொன்று. சமையலறையில் பாத்திரம் டமால் டமால் என்று விழுகிறது. என்னடி என்றால் ‘லைட்டா கோவம்’ என்கிறாள் தங்கை. இதை ‘லேசான கோபம்’ என்று மாற்றிப் பாருங்கள், பாத்திரச் சத்தமே கேட்காது.

கரிசல்மண்:
நக்கலுக்கு என்றால் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பத்தாவது படிக்கிற பையன் கட்டுரையில் ‘லைட்டாக மழை பெய்தது’ என்று எழுதிவைக்கிறான். திருத்த உட்காருகிறவன் நான்.

பூவரசு:
எங்கட யாழ்ப்பாணத்தில ‘இலகு’ எண்டு சொல்லுவம். ‘சோதனை இலகுவா இருந்தது’ எண்டு பிள்ளையள் சொல்லுங்கள். தேத்தண்ணிக் கடையில ‘சாயம் குறைச்சு’ எண்டால் விளங்கும். சொந்தச் சொல் கிடக்கேக்க கடன் எதுக்கு?

ஓலைச்சுவடி:
பூவரசு, வம்புக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் இலகு சமஸ்கிருத ‘லகு’விலிருந்து வந்தது. கரிசல்மண் ஐயாவின் லேசு ‘லேச’த்திலிருந்து. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் இரண்டுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது. கனமில்லாத என்ற பொருளில் வரும் இங்கிலீஷ் லைட்டும், இந்த லகுவும், லத்தீன் ‘லெவிஸ்’ஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. இலகுவும் லைட்டும் பங்காளிகள். ஒருவர் முன்னால் வந்தார், மற்றவர் கப்பலேறி வந்தார்.

பெஞ்சுடீ:
அடிச்சார் பாருங்க!

கரிசல்மண்:
எல்லாவற்றையும் வடமொழிக்குப் பட்டா போட்டுக் கொடுக்காதீர்கள். ‘இலகு’ என்றால் தமிழில் ஒளிர்தல். இலங்குதலும் அதுவே. அது எந்த ஊர்ச் சொல்?

ஓலைச்சுவடி:
அது நம் சொல்தான், ஐயா. லெக்சிகனிலும் தனிப் பதிவாகவே இருக்கிறது. எனக்குப் பிடித்த இடமும் இதுதான். இங்கிலீஷிலும் வெளிச்ச லைட் வேறு வேர், எடை குறைந்த லைட் வேறு வேர். பழைய ஆங்கிலத்திலேயே இரண்டின் வடிவமும் ஒன்றாகிவிட்டது. இங்கே ஒளிரும் இலகுவும் கனமற்ற இலகுவும் அதேபோல ஒரே எழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, தற்செயல்.

பூவரசு:
அப்ப நான் சொன்னது பிழையில்லை. வந்து கன காலமான சொல்லும் நேற்று வந்த சொல்லும் ஒண்டோ?

பெஞ்சுடீ:
எத்தனை வருஷம் இருந்தால் ரேஷன் கார்டு கொடுப்பீங்க?

கரிசல்மண்:
வருஷக் கணக்கு இல்லை தம்பி. வந்த சொல் பக்கத்து வீட்டைக் காலி பண்ணக் கூடாது. லேசு வந்தபோது தூறல் போகவில்லை. லைட்டா வந்ததும் என் பேரன் தூறல் என்றால் என்ன தாத்தா என்கிறான்.

பெஞ்சுடீ:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லைண்ணே. தூறலை விட்டுக்கொடுக்கிறேன். டீக்கு மட்டும் லைட்டா.

கரிசல்மண்:
டீக்கும் வேண்டாம் என்றுதான் இன்று காலை மாஸ்டரிடம் ‘டிக்காஷன் கம்மியா ஒண்ணு’ என்றேன். ‘லைட்டா ஒண்ணேய்!’ என்று உள்ளே கத்தினார்.

பூவரசு:
ஐயா, டிக்காஷன் எந்த ஊர்த் தமிழ்?