முதல் தடவை பனிச்சறுக்கு: குல்மார்க்கா, ஔலியா?

கோவைக்காரன்:
வணக்கம். பிப்ரவரி இரண்டாவது வாரம் ஏழு நாள் கையில் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், அதில் பிள்ளைகள் 9 வயதும் 13 வயதும். யாரும் இதுவரை ஸ்கீயை (சறுக்குக் கட்டையை) காலில் மாட்டியதில்லை. பனியில் நின்று போட்டோ எடுப்பது நோக்கம் இல்லை. சின்னச் சரிவில் தானாக இறங்கி, தானாக நிற்கக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். காஷ்மீரின் குல்மார்க் செலவு அதிகம், உத்தராகண்டின் ஔலி சிக்கனம் என்கிறார்கள். எதற்கு டிக்கெட் போடலாம்?

பனிப்பாதை:
செலவை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் நாள் கணக்கைப் போடுங்கள்.

குல்மார்க்: முதல் நாள் டெல்லி வழியாக ஸ்ரீநகர், இரவு அங்கேயே. இரண்டாம் நாள் காலை சுமார் 50 கி.மீ. சாலை. மதியத்துக்குள் சாமான் வாடகைக்கு எடுத்து, அரை நாள் பழகலாம். 3, 4, 5 முழு நாட்கள். ஆறாம் நாள் ஸ்ரீநகர், ஏழாம் நாள் வீடு. மொத்தம் மூன்றரை நாள் பயிற்சி.

ஔலி: முதல் நாள் டேராடூனில் இறங்கி ரிஷிகேஷ். இரண்டாம் நாள் முழுக்க வண்டிதான். ரிஷிகேஷிலிருந்து ஔலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமத் 250 கி.மீ. என்றாலும் மலைப்பாதையில் 9, 10 மணி நேரம் பிடிக்கும். திரும்பவும் அதே. ஜோஷிமத்திலிருந்து ஏறி இறங்கும் நேரமும் போக மிஞ்சுவது இரண்டரை நாள். வழியில் மண்சரிவு என்றால் அதுவும் குறையும். முன்பு ஜோஷிமத்திலிருந்து நாலு கி.மீ. ரோப்வேயில் நேராக மேலே போய்விடலாம். நிலம் அமிழ்ந்த பிரச்சினையில் 2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பனி விழுந்த சாலையில் வண்டியில்தான் ஏற வேண்டியிருக்கும்.

புதிதாகப் பழகுபவருக்கு மூன்றாம் நாள்தான் கால் சொன்னபடி கேட்கத் தொடங்கும். அந்த ஒரு நாளுக்காகவே என் ஓட்டு குல்மார்க்குக்கு.

மலைநாடன்:
ஔலியை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கார்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் 7 நாள், 14 நாள் பயிற்சியில் தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ, பயிற்சியாளர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். தினமும் பேரம் பேசும் தொல்லை இல்லை. கூட்டமும் குறைவு. எதிரே நந்தா தேவி, 7,816 மீட்டர், முழுசாகத் தெரியும். ஆனால் ஏழு நாள் பயிற்சிக்குப் போகவர நாலு நாள் சேர்த்தால் பதினொன்று. உங்கள் விடுப்புக்கு ஒத்துவராது.

அங்கே பெரிய பலவீனம் பனிதான். சரிவுகள் 2,500 முதல் 3,050 மீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகச் செயற்கைப் பனி இயந்திரங்கள் வைத்தார்கள். ஆனால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் அவை உதவும். வெதுவெதுப்பான குளிர்காலத்தில் தண்ணீர் தண்ணீராகவே விழும். பனியில்லாமல் தேசியப் போட்டிகளே ரத்தான ஆண்டுகள் உண்டு. குல்மார்க்கும் தப்பவில்லை, 2024 ஜனவரியில் அங்கே புல் தெரிந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. நீங்கள் பிப்ரவரி நடுவில் போவது நல்ல முடிவு.

கோவைக்காரன்:
சரி, குல்மார்க் என்றே வைத்துக்கொள்கிறோம். கோண்டோலாவில் (அங்குள்ள கேபிள் காரில்) இரண்டாம் கட்டம் வரை போய் அங்கிருந்து சறுக்கலாமா? சாமான் வாடகையில் எதைப் பார்க்க வேண்டும்?

பனிப்பாதை:
இரண்டாம் கட்டம் வேண்டவே வேண்டாம். அது அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும்; அங்கிருந்து இறங்குவது தேர்ந்தவர்களுக்கானது. ரோந்துக் குழு பார்க்கும் எல்லையைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவர் அந்த மலையில்தான் இறந்தார்கள். பார்த்துவிட்டு வர ஆசை என்றால் கடைசி நாள், ஸ்கீ இல்லாமல், அதே கோண்டோலாவில் திரும்புங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். வழியில் யாராவது "நான் வாங்கித் தருகிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடங்கள். பயிற்சிக்கு அடிவாரத்தில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவே போதும், அதுவே 2,650 மீட்டர் உயரம். முதல் நாள் தலைவலி வந்தால் நிறையத் தண்ணீர், சீக்கிரம் தூக்கம்.

சறுக்குக்கட்டை:
சாமான் பற்றி நான் சொல்கிறேன். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் பூட்ஸ்.

ஒரே ஒரு சாக்ஸ், மெல்லிய கம்பளி, முழங்கால் வரை. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சில்லிடும். பேன்ட்டின் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், அரை மணியில் கணுக்காலில் அழுத்தி வலிக்கும். நேராக நின்றால் கால்விரல் முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் விடுபட வேண்டும். அப்போது குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் பெரிது, மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்கீயை நிமிர்த்தி நிறுத்தினால் பெரியவர்களுக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வரட்டும், சின்னவனுக்கு நெஞ்சிலிருந்து மோவாய்க்குள். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். அதை எடை, வயது, உயரம், பூட்ஸ் அடிப்பாக நீளம், பழக்கம் இவற்றைப் பார்த்து வைக்க வேண்டும். கடைக்காரர் எடை கேட்காமல் ஸ்கீயை நீட்டினால் நீங்களே சொல்லுங்கள். எண் அதிகமானால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். குறைந்தால் வளைவிலேயே கழன்றுவிடும்.

மாட்டும்போது "டக்" என்று பூட்டவில்லையா? பத்தில் ஒன்பது தடவை பூட்ஸ் அடியில் இறுகிய பனிதான் காரணம். கையில் பிடிக்கும் ஸ்கீ கம்பின் நுனியால் சுரண்டிவிட்டு, முன்விரல் பக்கத்தை முதலில் வைத்துக் குதிகாலை அழுத்துங்கள். ஹெல்மெட் இல்லாமல் பிள்ளைகளைச் சரிவில் விடாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

மலைநாடன்:
இன்னும் சில சில்லறை விஷயங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். பயிற்சியாளரிடம் மணிக்கணக்கில் பேசாமல், அதே ஆள் மூன்று நாளும் என்று பேசுங்கள். தினம் ஒருவர் மாறினால் தினமும் முதல் பாடமே நடக்கும். மலையடிவார ஊரான தங்மார்கிலிருந்து குல்மார்க் மேலே 13 கி.மீ. பனி கொட்டிய நாளில் டயரில் சங்கிலி மாட்டிய வண்டியோ நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் ஏறும். உங்கள் ஸ்ரீநகர் டாக்ஸி அங்கேயே நின்றுவிடலாம், வண்டி மாற்றும் காசைத் தனியாக வையுங்கள். அதனால்தான் ஆறாம் நாளே கீழே இறங்கிவிடச் சொல்வது. விமானத்தன்று காலையில் இறங்கப் பார்த்தால், பனி அள்ளும் இயந்திரம் வரும்வரை சாலையில் காத்திருக்க நேரும். ஸ்ரீநகர் விமான நிலையத்திலோ வெளிவாசலிலேயே வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கி ஸ்கேன் செய்வார்கள், மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.