குன்றக் கூறலா, எச்சமா? வடிவப் பொருத்த எச்சரிக்கைகளுக்குச் சொல் தேடி

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழிக்கான பயிற்சிக் கையேட்டின் ஏழாம் இயலுக்காக ஒரேயொரு சொல் கேட்டு நான் மடல் அனுப்பிப் பதினொரு நாள் ஆகிறது. ஒரு செயற்கூறு தனக்கு வரக்கூடிய எல்லா வடிவங்களையும் கையாளாமல் விட்டால், நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கிறதே, அந்தக் குறைக்கு மாணவர் நாவில் நிற்கும்படியான ஒரு பெயர் வேண்டும் என்பதுதான் கேள்வி. வந்த மடல்களில் பாதி, எச்சரிக்கை என்ற சொல்லுக்குள் எச்சம் ஒளிந்திருக்கிறதா என்ற ஆராய்ச்சிக்கே செலவாகிவிட்டன. அச்சகத்தார் வியாழக்கிழமை மெய்ப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள். ஆகவே இதுவரை தேறியதையும் தேறாததையும் எழுதிவிடுகிறேன்.

வந்த உள்ளீடு எந்த வடிவம் என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ‘வடிவப் பொருத்தம்’ என்பதில் பெரிய சண்டை இல்லை. வடிவம் என்பதற்குப் பதிலாகத் தோரணி, பாங்கு, உருவரை ஆகிய மூன்றும் வந்து போயின. ‘பொருத்தம் முழுமையாக இல்லை’ என்றதும் வகுப்பு ஜாதகத்தை நினைத்துச் சிரிக்கும் என்று ஒருவர் எச்சரித்தார். சிரித்தால் நினைவில் நிற்கும், அதனால் நட்டமில்லை.

புலவர் ஐயா ‘எச்சம்’ என்றே வைக்க வேண்டும் என்கிறார். முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பது வினையெச்சம். கையாளும் வரியை எதிர்நோக்கி நிற்பது இந்த நிரல். ஒப்புமை அழகானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எச்சரிக்கை என்பதே ‘எஞ்சியதை அறிவிப்பது’ என்று அவர் பிரித்துக் காட்டியதை ஏற்க இயலவில்லை. விழிப்பு என்ற பொருளில் அச்சொல் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்குகிறது; ‘எஞ்சு’ என்ற வினைக்கும் அதற்கும் உறவு காட்டச் சான்று ஏதும் இல்லை. தக்கார் தகவிலர் குறளை ஐயா மேற்கோள் காட்டிய பிறகு, அங்கே எச்சம் என்பது பிள்ளைகளா புகழா என்று மூன்று நாள் ஓடியதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய மாணவனுக்கு எச்சம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வண்டியின் இருக்கையில் காக்கை விட்டுச் சென்றதுதான்.

கோவை நண்பர் நன்னூலின் பத்துக் குற்றங்களை எடுத்து வைத்தபோது எனக்கு உண்மையிலேயே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. விடுபட்டது குன்றக் கூறல். கம்பைலர் சுட்டும் மற்றொரு குறையான தேவையற்ற வரி, மிகைபடக் கூறல். நூலுக்குச் சொன்ன குற்றம் நிரலுக்கும் பொருந்துகிறது. தர்க்கம் பயின்ற நண்பர் உடனே அவ்வியாத்தி, அதிவியாத்தி என்று கொண்டுவர, தனித்தமிழ் அன்பர்கள் அவர்மீது பாய்ந்தார்கள். வடமொழி என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. பொருள் பொருந்தாததால் தள்ளலாம். அவ்வியாத்தி என்பது ஒன்றின் இலக்கணம் அதன் ஒரு பகுதியை எட்டாமல் விடுவது; அதிவியாத்தி என்பது இலக்கணம் தன் எல்லையைத் தாண்டி வேறொன்றில் போய்ச் சேர்வது. நம் நிரலின் வேண்டாத வரி எல்லையைத் தாண்டுவதே இல்லை. முந்தைய வரி ஏற்கெனவே பிடித்துக்கொண்டதையே மறுபடியும் பிடிக்கப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் கோவை நண்பர் சொன்ன மிகைபடக் கூறலும் சரியன்று, ‘கூறியது கூறல்’ என்பதே சரி.

உண்மையான சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது. அதைத் தொட்டவர் மிகச் சிலரே. மதிப்பைப் பற்றிய கூடுதல் செய்தியை அதன் வகையிலேயே எழுதிவைக்க இடந்தரும் ஜிஏடிடி என்ற தரவு வகைக்குக் கையேட்டில் வரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். (அதன் முழுப்பெயர்ப்பை இப்போது எழுப்ப வேண்டாம். இயற்கணிதமா அட்சரகணிதமா என்று ஈழத்து நண்பரோடு மறுபடி தொடங்கிவிடும்.) இரண்டு பட்டியல்களை இணைக்கும் செயற்கூறு, இரண்டின் நீளமும் ஒன்றே என்பது வகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டும் வெறுமையாக இருக்கும்போது ஒரு வரி, இரண்டிலும் உறுப்பு இருக்கும்போது ஒரு வரி, அவ்வளவுதான் தேவை. ஆனால் ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஎச்சியின் பழைய பதிப்பு, ஒன்று வெறுமையாகவும் மற்றது நிறைந்தும் இருக்கும் நிலையை விட்டுவிட்டாய் என்று எச்சரிக்கும். சரியென்று அந்த வரியை எழுதினால், அப்படியொரு நிலை இருக்கவே முடியாது என்று வகைப்பிழை காட்டி நிரலையே ஏற்க மறுக்கும். எழுதாவிட்டாலும் குற்றம், எழுதினாலும் குற்றம். கரக்காலியாஸ், ஷ்ரைவர்ஸ், வித்தினியோட்டிஸ், பெய்ட்டன் ஜோன்ஸ் ஆகிய நால்வரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, வகைகள் தரும் செய்தியையும் கணக்கில் எடுத்து இதைச் சோதிக்கும் முறையைக் கொடுத்தது. 2016-ல் வந்த ஜிஎச்சி 8.0 பதிப்பில் அது சேர்ந்தது.

அந்த ஆய்வு வரிகளைப் பிரிக்கும் விதத்தில்தான் நமக்கு மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்படுகிறது. விடுபட்டது ஒன்று, கூறியது கூறல் மற்றொன்று. மூன்றாவது வகை வரியின் வலப்பக்கம், அதாவது பொருந்தினால் செய்ய வேண்டிய வேலை, ஒருநாளும் இயங்காது. ஆனாலும் அதை அழித்துவிட முடியாது. ஹாஸ்கெல் தேவை வரும்வரை எதையும் மதிப்பிடாத மொழி. அந்த வரி பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவே உள்ளீடு மதிப்பிடப்படுகிறது, வரியை எடுத்துவிட்டால் நிரலின் போக்கு மாறக்கூடும். வாசல் திறந்துபார்க்கப்படும், உள்ளே எவரும் நுழைவதில்லை என்ற நிலை அது. இதை ‘மிகை’ என்று எழுதினால் மாணவன் அழித்துவிடுவான். நன்னூலாரின் பத்தில் இதற்கு இடமில்லை. அந்தப் பத்தில் ஒன்றான ‘நின்றுபயன் இன்மை’யைப் புலவர் ஐயா முயன்றார், ஆனால் இந்த வரிக்கு நிற்பதுதான் பயன்.

நேற்றுவரை கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர், பெரும்பாலும் களைத்துப்போய், ‘விடுபாடு’, ‘மிகை’ என்ற எளிய சொற்களுக்கு ஒப்பியிருக்கிறார்கள். கூறியது கூறல் என்பதைவிட மிகை தளர்வானது என்று தெரிந்தே நானும் கையொப்பமிடுகிறேன். பிழைச்செய்தியில் நீளச் சொல் நிற்காது. குன்றக் கூறலை இயலின் தலைப்பாக வைத்திருக்கிறேன். புலவர் ஐயா உடன்படவில்லை. தம் மறுப்பை அடிக்குறிப்பாகவாவது சேர்க்கக் கேட்டிருக்கிறார், சேர்க்கிறேன்.

மூன்றாவதற்கு இப்போதைக்கு ‘எட்டா வரி’ என்று போட்டிருக்கிறேன். எட்டாம் வரி என்று யாரும் படித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கே இருக்கிறது. இதைவிட நல்லது தோன்றினால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள். வேர்ச்சொல் விளக்கம் வெள்ளிக்கிழமை வரட்டும்.