கென்சிங்டன் பேலஸ் டிரஸ் எக்ஸிபிஷன், அம்மாவைக் கூட்டிட்டுப் போலாமா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா ஊர்லருந்து வந்திருக்காங்க, இன்னும் மூணு வாரம் லண்டன்ல எங்ககூடதான். டவர் பிரிட்ஜ், லண்டன் ஐ, மியூசியம்னு ஒரு ரவுண்ட் அடிச்சாச்சு, எதுக்கும் அசரல, "நல்லாருக்குடா, எப்ப வீட்டுக்குப் போலாம்"னு கேட்டுட்டே வர்றாங்க. ஆனா ஏதாவது கடை ஜன்னல்ல ஒரு கவுன் மாட்டியிருந்தா மட்டும் நின்னுடுவாங்க, ஏன்னா முப்பது வருஷம் வீட்டுல மெஷின் போட்டு ஊராளுங்களுக்கு பிளவுஸ் தைச்சுத்தான் என்னையும் தங்கச்சியையும் படிக்க வச்சாங்க.

கென்சிங்டன் பேலஸ்ல "கிரவுன் டு கூட்யூர்"னு ஒண்ணு போயிட்டிருக்காம், இந்த 2023 அக்டோபர் 29ஓட முடியுதாம். டயானா கல்யாண கவுன் அங்க இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, நெஜமா? இல்ல வெறும் ஹாலிவுட் ஆளுங்க டிரஸ்தான்னா அம்மாவுக்கு ஒருத்தரையும் தெரியாது, வீணா டிக்கெட் போட்ட மாதிரி ஆயிடும். முட்டி வலி வேற இருக்கு. போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

கத்திரிக்கோல்:
மே மாசம் போனேன். மொதல்ல ஆபீஸ் ஆளு சொன்னதை மறந்துடுங்க, டயானா கல்யாண கவுன் இதுல இல்ல. அது 2021ல, அதே பேலஸ் பக்கத்துல ஆரஞ்சரின்னு ஒரு கட்டடம் இருக்கே, அங்க வேற ஒரு எக்ஸிபிஷன்ல வச்சிருந்தாங்க, 2022 ஜனவரியோட எடுத்துட்டாங்க. 25 அடி வால், நீட்டி விரிச்சுப் போட்டிருந்தாங்க, ஒரு முனையில நின்னா மறு முனைக்கு நடந்து போகணும். சரி அது போச்சு.

இதோட ஐடியா என்னன்னா, 18ம் நூற்றாண்டுல ராஜா தர்பாருக்குப் போறவங்க டிரஸ் போட்டுக்கிட்டு எப்படி சீன் போட்டாங்களோ அதையேதான் இன்னிக்கு ரெட் கார்ப்பெட்ல பண்றாங்கன்னு ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்காங்க. கேக்கும்போது எனக்கும் கொஞ்சம் இழுத்துப் புடிச்சு கோத்த மாதிரிதான் இருந்துச்சு, உள்ள போனப்புறம் பரவால்ல.

ஆனா உங்க அம்மாவுக்காக ஒரே ஒரு பீஸ் சொல்றேன். சில்வர் டிஷ்யூ டிரஸ்னு ஒண்ணு, 1660கள்ல தைச்சது, பாத் ஊரு ஃபேஷன் மியூசியத்துக்காரங்களோடது. பட்டோட வெள்ளி இழை சேத்து நெய்ஞ்ச துணி. ஒரிஜினல் ஜரிகைதாங்க, வேற என்ன. கழுத்து தோள்பட்டைய விட்டு கீழ இறங்கியிருக்கும், கை முழங்கை வரைக்கும் உப்பலா இருக்கும், மேல்பாகம் பூரா உள்ள எலும்பு வச்சு விறைப்பா தைச்சு பின்னாடி கயிறு போட்டு இறுக்குறது. அதைப் போட்டா கையத் தலைக்கு மேல தூக்கவே முடியாது. 360 வருஷம் ஆகியும் மடிப்பு அப்படியே விழுது. நான் அங்கயே ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டேன், என் பொண்ணு வந்து இழுத்துட்டுப் போனா.

சும்மா_சொல்றேன்:
நான் எதிர்க்கட்சி. பியான்சே, லிசோ, பில்லி போர்ட்டர்னு அமெரிக்கப் பாட்டுக்காரங்க போட்டதெல்லாம் நெட்லயே ஆயிரம் போட்டோ இருக்கு, அதுக்கா கென்சிங்டன் வரைக்கும் போகணும்? பழைய நடிகை ஆட்ரி ஹெப்பர்னோட 1954 ஆஸ்கர் டிரஸ் மட்டும் ஓகே, மனுஷி எவ்ளோ ஒல்லின்னு அப்பதான் தெரிஞ்சுது. என்னைக் கேட்டா அங்க பாக்க வேண்டியது டிரஸ்ஸே இல்ல, ராஜா படிக்கட்டு. சுவர் பூரா வில்லியம் கென்ட் வரைஞ்ச முதலாம் ஜார்ஜ் காலத்து அரண்மனை ஆளுங்க, 45 பேரு, மேலருந்து எட்டிப் பாத்துட்டிருப்பாங்க. பெரிய பெரிய பிரபு எல்லாம் இல்ல, வேலைக்காரங்க, காவக்காரங்க, துருக்கியிலருந்து வந்த முகமது, முஸ்தபான்னு ரெண்டு பேரு, காட்டுல புடிச்சுட்டு வந்த பீட்டர்னு ஒரு பையன். நம்ம மூஞ்சைப் பாத்து ஏதோ கிசுகிசு பேசுற மாதிரியே இருக்கும். நல்ல டிரஸ் போட்டவன்தான் அந்தப் படி தாண்டி மேல போக முடியும், அதை வேடிக்கை பாக்க இவங்க.

கத்திரிக்கோல்:
அதுவும் எக்ஸிபிஷன்ல சேத்திதான் அய்யா 😄

பட்டுப்பூச்சி:
நான் டெக்ஸ்டைல் கன்சர்வேஷன், அதாவது பழைய துணிகளைப் பாதுகாக்குற படிப்பு, படிக்கிறேன், அதனால ஒரு விஷயம். உள்ள ரொம்ப இருட்டா இருக்கும், அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. கரண்ட் பில் மிச்சம் பண்றாங்கன்னு நெனைக்காதீங்க. பழைய துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) மேல வெளிச்சம் படக்கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு, ஒரு நல்ல ஆபீஸ் ரூம்ல 500 லக்ஸ் வரைக்கும் இருக்கும், அப்ப பாத்துக்கோங்க. வெளிச்சத்துல சாயம் மங்குறது மட்டும் பிரச்சனை இல்ல, பட்டு இழையே நொறுங்கிப் போகும், அதுக்கு ரிப்பேரே கிடையாது, பட்ட வெளிச்சம் பட்டதுதான். அதனாலதான் இந்த மாதிரி பீஸெல்லாம் கொஞ்ச மாசம் வெளிய வச்சுட்டு திரும்ப பெட்டிக்குள்ள படுக்க வச்சிடுவாங்க. தொங்க விடவும் மாட்டாங்க, அதோட வெயிட்டே தோள் தையலைக் கிழிச்சிடும்.

கேட்டராக்ட் இருந்தா அம்மாவுக்கு கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகும், மொத ரூம்லயே அவசரப்படுத்தாதீங்க. போன் டார்ச் அடிக்காதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க, ப்ளீஸ். பக்கத்துல இருக்குற கார்டுல எழுத்தெல்லாம் நீங்களே படிச்சு தமிழ்ல சொல்லிடுங்க, அவங்க துணியப் பாக்கட்டும்.

நூல்கண்டு:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். ஒரு கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணு ஜனவரில. டயானா இல்லன்னதும் அம்மா மூஞ்சு கொஞ்சம் தொங்கிடுச்சு, அவங்களுக்கு அந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு அந்தம்மாதான்.

மெட்ரோ_மாமா:
தம்பி, டயானா 1981லருந்து கடைசி வரைக்கும் இருந்த வீடு அதே பேலஸ்தான், அதைச் சொல்லி கூட்டிட்டுப் போங்க. பக்கத்துலயே பள்ளத்துல ஒரு தோட்டம் இருக்கு, சங்கன் கார்டன், 2021 ஜூலை 1ல அங்க டயானா சிலை வச்சாங்க. இன்னொரு கதையும் சொல்லுங்க, வெள்ளை மாளிகைல நடிகர் ஜான் டிரவோல்டாகூட ஆடுனாங்களே நீல வெல்வெட் கவுன், 1985ல, அது 1997 ஜூன்ல அந்தம்மா தன்னோட 79 டிரஸ்ஸை தர்மத்துக்கு ஏலம் விட்டப்ப அதோட போயிடுச்சு. இந்த பேலஸைப் பாத்துக்கிற ஹிஸ்டாரிக் ராயல் பேலசஸ்காரங்களே 2019ல அதை 2,64,000 பவுண்டு குடுத்து திரும்ப வாங்குனாங்க. இப்ப வெளிய இருக்கான்னு கேக்காதீங்க, அதெல்லாம் முறை வச்சுத்தான் காட்டுவாங்க.

டியூப்னா ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் இல்ல குயின்ஸ்வே, எதுல இறங்குனாலும் பார்க்குக்குள்ள கொஞ்சம் நடக்கணும். உள்ள லிஃப்ட் இருக்கு, வாசல்ல நிக்கிறவங்ககிட்ட கேட்டா காட்டுவாங்க. எக்ஸிபிஷனுக்குன்னு தனி டிக்கெட் இல்ல, பேலஸ் டிக்கெட்லயே சேந்துடும், ஆன்லைன்ல டைம் பாத்து புக் பண்ணிடுங்க. ரெண்டு மணி நேரம் வைங்க. சனிக்கிழமை வேண்டாம்.

நூல்கண்டு:
போயிட்டு வந்தாச்சு! கேட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லக்கூடாதுல்ல, அதான் எழுதுறேன், கொஞ்சம் பெருசாப் போகும் மன்னிச்சுக்கோங்க.

ரெண்டு மணி நேரம்னு மாமா சொன்னீங்க, மூணேகால் ஆச்சு. சில்வர் டிஷ்யூ முன்னாடி அம்மா ஒண்ணுமே பேசல, அப்புறமா "வெள்ளி கருத்திருக்குடா, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல இது எப்படி இருந்திருக்கும்"னாங்க. ஹாலிவுட் நடிகை பிளேக் லைவ்லி போட்ட கவுன், அந்த செம்பு கலர் பச்சையா மாறுமே, அதைப் பாத்துட்டு "புளி போட்டு தேய்க்காத சொம்பு மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு நகந்துட்டாங்க. படிக்கட்டுல அந்த 45 பேரையும் எண்ணப் பாத்தாங்க, முப்பதுல விட்டுட்டாங்க.

மெயின் மேட்டர் மான்டுவா. அந்த ரெண்டு பக்கமும் இடுப்புல கூடை கட்டி அகலமாக்குன தர்பார் கவுன். நான் கைய ரெண்டும் விரிச்சு நின்னாக்கூட அது என்னைவிட அகலம், கதவுல நேரா நுழைய முடியாது, பக்கவாட்டுல நண்டு மாதிரிதான் போகணும். அம்மா மொதல்ல கேட்டது இதைப் போட்டுட்டு பாத்ரூம் எப்படிப் போவாங்கன்னு. நான் வெக்கப்பட்டுக்கிட்டே அங்க நின்ன அம்மணிகிட்ட கேட்டேன், அவங்க சிரிச்சுட்டு, சாம்பார் ஊத்துற குண்டான் மாதிரி ஒரு நீளமான பீங்கான் கிண்ணம் இருக்கும், வேலைக்காரப் பொண்ணு பாவாடைக்கு அடியில நீட்டுவான்னு சொன்னாங்க. அம்மாவுக்கு அன்னிக்கு பூரா சிரிப்பு.

அப்புறம் கண்ணாடி கிட்ட போய் மூக்கை வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு "டேய், இவன் துணிய வெட்டவே இல்லடா"ன்னாங்க. எனக்குப் புரியல. "அளவுக்கு வெட்டித் தைக்கல, முழு அகலத்தையும் அப்படியே மடிச்சு மடிச்சு உடம்புக்கு நிறுத்தியிருக்கான். தையலைப் பாரு, எவ்ளோ பெருசு பெருசா ஓடவிட்டிருக்கான், நான் இப்படித் தைச்சா ஒருத்தியும் காசு தரமாட்டா." பட்டுப்பூச்சி, இது நெஜமா இல்ல அம்மா அடிச்சு விடுறாங்களா?

பட்டுப்பூச்சி:
அய்யோ அம்மாவை எங்க கிளாஸுக்கு அனுப்புங்க! நூத்துக்கு நூறு சரி. அந்தக் காலத்துல பட்டுதான் காசு, தைக்கிறதுக்கு ஆகுறது அதுல சின்ன பங்கு. லண்டன்ல பட்டு நெசவுக்காரங்க இருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல தறியில நெய்ஞ்ச பட்டு சுமார் 20 இன்ச் அகலம்தான் வரும், பூ வேலைன்னா ஒரு நாளைக்குக் கொஞ்சூண்டுதான் நெய்ய முடியும். அதை எவனாவது வெட்டுவானா? மடிச்சு, பெருசா தையல் போட்டு வச்சா பத்து வருஷம் கழிச்சுப் பிரிச்சு மகளுக்கோ, புது ஃபேஷனுக்கோ மாத்தித் தைக்கலாம். அப்படி மாத்துன பழைய ஊசி ஓட்டை, பழைய மடிப்புக் கோடெல்லாம் வச்சுத்தான் ஒரு கவுன் எத்தனை தடவை உருமாறுச்சுன்னு நாங்க கண்டுபுடிக்கிறோம். தர்பார்ல அந்தக் கூடைப் பாவாடைய நாலாம் ஜார்ஜ் 1820ல வேண்டாம்னு நிறுத்துற வரைக்கும் அப்படித்தான் போச்சு.

சும்மா_சொல்றேன்:
சரி சரி, டிரஸ்ஸும் பாக்கலாம், ஒத்துக்கிறேன்.

நூல்கண்டு:
பட்டுப்பூச்சி எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். வெங்காயம் நறுக்கிட்டே கேட்டுட்டு, "அப்பவும் தையக்கூலி கம்மிதானா"ன்னாங்க. ஜனவரி ஆபரேஷன் முடிஞ்சு அடுத்த தடவை வரும்போது நீல வெல்வெட் வெளிய வருதான்னு பாத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. யாருக்காவது தெரிஞ்சா இங்கயே போடுங்க.