ஹெல்மெட், ஏர்பேக் இருந்தால் 80 கி.மீ. வேகத்தில் பனிச்சறுக்கலாமா?

கேட்டவர்: வெண்சரிவு
என் தம்பி பனிச்சறுக்கு கற்றுக்கொண்டதிலிருந்து வேகப் பித்துப் பிடித்து அலைகிறான். தினமும் மாலையில் செயலியைத் திறந்து அன்றைய உச்ச வேகத்தைக் காட்டுவான். இப்போது 80 கி.மீ.யைத் தாண்டிவிட்டான். கேட்டால், "டவுன்ஹில் (செங்குத்தான சரிவில் மிக வேகமாக இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயம்) வீரர்கள் 140-இல் விழுந்தும் எழுந்து போகிறார்களே, என்னிடம் நல்ல ஹெல்மெட் இருக்கிறது, ஏர்பேக்கும் (விழும்போது காற்றால் உப்பும் பாதுகாப்பு உடுப்பு) வாங்கப் போகிறேன்" என்கிறான். அவன் சொல்வது எவ்வளவு சரி? திட்டாமல் எப்படிப் புரியவைப்பது?

பதில்: பனித்தடம்
பந்தய வேகத்தில் விழுந்து எழுந்தவர்கள் உண்டு. 1998 நாகானோ ஒலிம்பிக் டவுன்ஹில்லில் ஆஸ்திரிய வீரர் ஹெர்மன் மையர் காற்றில் பறந்து, தலைகீழாக விழுந்து, பாதுகாப்பு வலைகளைப் பிய்த்துக்கொண்டு போனார். மூன்றே நாளில் சூப்பர்-ஜி என்ற இன்னொரு வேகப் பந்தயத்தில் தங்கம் வென்றார். உருண்டு ஓய இடம் இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

கணக்கு எளிது. 144 கி.மீ. என்றால் விநாடிக்கு 40 மீட்டர். 40 மீட்டர் சறுக்கி நின்றால் உடல் தாங்குவது சராசரியாக 2 ஜி, அதாவது தன் எடையைப் போல் இரண்டு மடங்கு விசை. கம்பத்திலோ மரத்திலோ மோதி 40 செ.மீ.க்குள் நின்றால் 200 ஜி. வேகம் ஒன்றுதான், ஆள் மட்டும் பிழைப்பதில்லை.

2010 பிப்ரவரி 12 அன்று கனடாவின் விஸ்லரில் நடந்தது இதுதான். வான்கூவர் ஒலிம்பிக் தொடங்கச் சில மணி நேரமே இருந்தது. ஜார்ஜியாவின் லூஜ் (பனித்தடத்தில் சிறு வண்டியில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் பந்தயம்) வீரர் நோடார் குமாரிடாஷ்விலி, வயது 21, பயிற்சி ஓட்டத்தின் கடைசி வளைவில் கட்டுப்பாடு இழந்து, சுவரைத் தாண்டிப் பறந்து, உறை எதுவும் சுற்றாத எஃகுத் தூணில் மோதி இறந்தார். வேகம் சுமார் 144 கி.மீ. வளைவை அவர் தவறாக எடுத்ததுதான் காரணம், தடத்தில் குறை இல்லை என்றது லூஜ் கூட்டமைப்பு. ஆனால் உடனே அந்த இடத்தில் சுவரை உயர்த்தினார்கள், தொடங்குமிடத்தையும் கீழே இறக்கினார்கள். குறையே இல்லாத தடத்துக்கு அதெல்லாம் எதற்கு? இன்றும் எனக்கு ஆறவில்லை. 21 வயதுப் பையன் வளைவில் தவறுவான். தவறினாலும் பிழைக்கும்படி தடம் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஹெல்மெட். சர்வதேசப் பந்தயங்களுக்கான ஹெல்மெட்டைக்கூட விநாடிக்கு 6.8 மீட்டர் வேகத்தில்தான் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அது மணிக்குச் சுமார் 24 கி.மீ. தலை பனியில் உரசிப் போகும்போது அது நன்றாகவே உதவும். 80 கி.மீ.யில் நேராக மரத்தில் மோதுவது 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதை எந்த ஹெல்மெட்டும் தாங்காது. தம்பி போவது பொதுச் சரிவு என்றால் அங்கே பெரும்பாலும் வலை கிடையாது, ஓரத்தில் மரங்கள், நடுவே குழந்தைகள். செயலியில் அவை தெரியாது.

பதில்: மேகமுகடு
ஆபத்து இல்லாத டவுன்ஹில் டவுன்ஹில்லே அல்ல. வீரர்கள் தெரிந்துதான் இறங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் தடத்தைக் குறை சொல்ல முடியுமா?

பதில்: பனித்தடம்
தெரிந்துதான் இறங்குகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஏற்பது விழும் ஆபத்தை. விழுந்த இடத்தில் தூண் இருப்பதை யாரும் ஏற்று இறங்குவதில்லை. வலையும் தானாகக் காப்பாற்றிவிடாது. 1991-இல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் கெர்னோட் ரைன்ஷ்டாட்லர் என்ற ஆஸ்திரிய டவுன்ஹில் வீரரின் ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) வலையில் சிக்கிக்கொண்டது, அந்தக் காயத்திலேயே அவர் இறந்தார். அதனால்தான் எங்கே என்ன வலை, எவ்வளவு தள்ளி என்பதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடல் தேவைப்படுகிறது.

வெண்சரிவு:
நன்றி. மரக் கணக்கை இன்றே காட்டுகிறேன். ஏர்பேக் வாங்கலாமா?

பனித்தடம்:
வாங்கட்டும், நல்லதுதான். உலகக் கோப்பை வேகப் பந்தயங்களில் 2024-25 பருவத்திலிருந்து அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் அது காப்பது உடம்பின் மேற்பகுதியை, தலையையோ முழங்காலையோ அல்ல. 2024 ஜனவரியில், அதே வெங்கனில், நார்வே வீரர் அலெக்ஸாண்டர் ஆமோட் கில்டே விழுந்தபோது தோள்பட்டை விலகியதோடு ஸ்கீயின் விளிம்பு கெண்டைக்காலையும் ஆழமாகக் கிழித்தது.

வேகம்தான் வேண்டும் என்றால் பந்தயக் கிளப்பில் சேரச் சொல்லுங்கள். அங்கே சரிவை மூடி, வலை கட்டி, பயிற்சியாளர் கீழே நின்று வழி சரி என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக இறக்கிவிடுவார்கள். பொதுச் சரிவில் முதலில் அந்தச் செயலியை அணைக்கட்டும்.